கோடு முடிவாவதற்கு முன்

கணினியில் படம் வரைவதற்கான முன்னோடி மென்பொருள் பேனாவோடுதான் பிறந்தது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆய்வு மாணவர் தம் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’, லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 என்ற பெரிய கணினியில் ஓடியது. கையில் ஒளிப்பேனா, எதிரே ஒரு சிறிய சதுரத் திரை. திரையைத் தொட்டுக் கோணல்மாணலாக ஒரு நாற்கரம் போட்டு, பொத்தானை அழுத்திக் கட்டளை கொடுத்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாகும், மூலைகள் செங்கோணமாகும். மூலப்படம் ஒன்றை வைத்துப் பல நகல்கள் எடுத்துவிட்டுப் பிறகு மூலத்தைத் திருத்தினால், நகல்கள் எல்லாம் தாமே திருந்தும். கை தோராயமாகச் சொல்ல, கருவி அதைத் துல்லியமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது.

இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பேனாவைக் காணவில்லை. 1982இல் ஆட்டோகேட் வந்து, தனிநபர் கணினிகள் கட்டடக்கலை அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது அவற்றோடு வந்தவை விசைப்பலகையும் சுட்டெலியும்தான். நிமிர்ந்து நிற்கும் திரையை நோக்கிக் கையை உயர்த்தியபடி மணிக்கணக்கில் வரைந்தால் தோள் கடுத்துப்போகும். சுட்டெலி மலிவு, கைக்கும் சுகம். ஒரு கோடு வேண்டுமென்றால் அது தொடங்கும் புள்ளியையும் நீளத்தையும் கோணத்தையும் சொல்லியாக வேண்டும். டிராஃப்டிங் போர்டு, மினி டிராஃப்டர், ராட்ரிங் பேனா, பிளேடால் சுரண்டித் திருத்திய டிரேசிங் தாள், மூக்கை அரிக்கும் அம்மோனியா பிரின்ட் என்று நம் ஊர் அலுவலகங்களில் ஒரு தலைமுறை பழகியிருந்த உலகம் மெல்ல மூட்டை கட்டியது.

ஒரே பிளானைத் திரும்பத் திரும்பப் படியெடுக்கும் உழைப்பு ஒழிந்ததற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆட்டோகேட் பிடித்தது டிராஃப்ட்ஸ்மேனின் இடத்தை. முடிவான ஒன்றை மிகச் சரியாகப் பதிவது அந்த இடத்தின் வேலை. கட்டடம் எப்படி இருக்கலாம் என்று தேடுகிற ஸ்கெட்சின் வேலையோ முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிய பல அலுவலகங்களும் கல்லூரிகளும் தேடுகிற வேலையையும் அதே கருவியிடம் ஒப்படைத்துவிட்டன. கையையும் கணினியையும் எப்படிச் சேர்ப்பது என்று இன்று நடக்கும் பேச்சு முழுவதும் அந்தக் குழப்பத்தைச் சரிசெய்யும் முயற்சி என்றே சொல்லலாம்.

தேடுகிற கோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் பலர். எம்.ஐ.டி.யின் டொனால்டு ஷான் 1983இல் வெளியிட்ட நூலில், கட்டடக்கலை வகுப்பறையில் ஓர் ஆசிரியரும் மாணவியும் ஒரே தாளின் மேல் குனிந்து பேசியபடி வரைவதை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார். வரைபவர் ஒரு கோடு போடுகிறார். போட்ட கோடு அவர் எதிர்பாராத ஒன்றைக் காட்டுகிறது. அதற்கு அவர் மறுமொழியாக அடுத்த கோட்டைப் போடுகிறார். தாளும் பேசுகிறது என்பதே ஷான் கண்டது. ஆய்வாளர் வினோத் கோயல் 1995இல் எழுதிய ‘ஸ்கெட்சஸ் ஆஃப் தாட்’ நூலில் இன்னும் நேரடியான ஒப்பீடு இருக்கிறது. தொழில்முறை வடிவமைப்பாளர்களைத் தாளிலும் பென்சிலிலும் வேலை செய்யச் சொன்னார். அதேபோல் மாக்டிரா என்ற கணினி வரைமென்பொருளிலும் செய்யச் சொன்னார். தாளில் வேலை செய்தபோது ஒரு யோசனையிலிருந்து பக்கத்தில் இருக்கும் வேறொரு யோசனைக்குத் தாவுவது அதிகம் நடந்தது. ஏற்கெனவே வரைந்த உருவத்தையே வேறொன்றாகப் பார்ப்பதும் நடந்தது. கணினியில் அந்தத் தாவல் குறைந்தது. தாளில் கிடந்த கோடு மங்கலானது, பல பொருள் தருவது. அந்த மங்கல்தான் தாவலுக்கு இடம் கொடுத்தது என்று கோயல் வாதிட்டார்.

1997இல் மசாகி சுவா, பார்பரா டிவெர்ஸ்கி இருவரும் செய்த ஆய்வு இதற்கு இன்னொரு பக்கம் சேர்த்தது. தொழில் செய்யும் கட்டடக் கலைஞர்களையும் கட்டடக்கலை மாணவர்களையும் ஓர் ஓவிய அருங்காட்சியகத்துக்கு ஸ்கெட்ச் போடச் சொல்லி, அவர்கள் வரைந்ததை வீடியோவில் பதிந்தனர். பிறகு அந்த வீடியோவை அவரவரிடமே போட்டுக்காட்டி, இந்தக் கோட்டைப் போட்டபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டனர். அனுபவசாலிகள் ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு அதன் தொடர்ச்சியை ஆழமாகத் துருவிக்கொண்டு போனார்கள். வரைந்த வடிவங்களிலிருந்து, அங்கே வருகிறவர்கள் எப்படி நடப்பார்கள், எதைப் பார்ப்பார்கள் என்பதையும் படித்தெடுத்தார்கள். தம் ஸ்கெட்சையே வாசிக்கத் தெரிவது ஒரு பயிற்சி என்றும், அது கை பழகப் பழகவே கூடுகிறது என்றும் இதிலிருந்து கொள்ளலாம்.

தேடலுக்குக் கைக்கோடு உதவுவதற்கு அளவும் ஒரு காரணம். 1:200 அளவில் பிளான் போடும்போது அரை மில்லிமீட்டர்ப் பென்சில் கோட்டின் தடிமனே 10 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு நாலரை இஞ்ச் சுவர். அந்த அளவில் கதவுக் கைப்பிடியைப் பற்றிக் கவலைப்பட வழியே இல்லை. அறைகள் எப்படி அடுத்தடுத்து அமைகின்றன, காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும்தான் யோசிக்க முடியும். கணினியில் எல்லாம் உண்மை அளவிலேயே வரையப்படுகின்றன. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் போனால், கட்டடமே முடிவாகாத நாளில் ஒரு ஜன்னல் சட்டத்தின் மூலையில் அரைமணி நேரம் செலவழிக்கலாம். துல்லியம் அங்கே உதவி போலத் தெரிந்தாலும் நேரத்தையும் கவனத்தையும் தின்றுவிடும்.

இதற்கெல்லாம் கைதான் உயர்ந்தது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. கைக்கோடு எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்பதற்குச் சிட்னி ஆப்பரா ஹவுஸைவிடத் தெளிவான சான்று இல்லை. 1957 ஜனவரியில் டென்மார்க்கின் யோர்ன் உட்சோன் அதன் வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது அவருடைய கூரைகள் தாளில் மட்டுமே இருந்தன. கடலோரத்தில் விரியும் பாய்களைப் போன்ற அந்த வளைவுகளுக்குக் கணக்கில் எழுதக்கூடிய வடிவம் எதுவும் இல்லை. ஓவ் ஆரப் நிறுவனத்தின் பொறியாளர்கள் பரவளையம், நீள்வட்டம் என்று ஒவ்வொன்றாக முயன்று ஆண்டுகளைக் கழித்தனர். கணக்குகளுக்கு அன்றைய கணினிகளையும் பயன்படுத்தினர். 1961இல்தான் விடை கிடைத்தது: எல்லாக் கூரை வளைவுகளையும் 75 மீட்டர் ஆரம் கொண்ட ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுக்கலாம். வளைவு ஒன்றே என்பதால் விலா எலும்பு போன்ற கான்கிரீட் துண்டுகளை அச்சில் வார்த்து அடுக்க முடிந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று தொடங்கிய கட்டடம் 1973இல் திறக்கப்பட்டபோது 10.2 கோடி டாலரை விழுங்கியிருந்தது. உட்சோன் 1966இலேயே மனம் கசந்து விலகிப்போயிருந்தார்.

கைக்கோட்டுக்கும் கணக்குக்கும் இடையே உட்சோனுக்கு வாய்க்காத பாலம் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரிக்கு வாய்த்தது. கெரி கணினியைத் தொட்டு வடிவமைத்தவர் இல்லை. பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் சுழற்றிச் சுழற்றிப் போடும் கிறுக்கலும், காகிதத்தையும் மரக்கட்டையையும் வெட்டி ஒட்டிச் செய்யும் மாதிரிகளுமே அவருடைய கருவிகள். பார்சிலோனாவின் 1992 ஒலிம்பிக்கை ஒட்டிக் கடற்கரையில் ஒரு பெரிய மீன் சிற்பத்தை அமைக்க வேண்டியிருந்தபோது அவருடைய அலுவலகம், பிரான்ஸின் தசோ நிறுவனம் விமானங்களை வடிவமைக்க உருவாக்கிய கேட்டியா மென்பொருளைக் கடன் வாங்கியது. அங்கே கற்ற பாடம்தான் 1997இல் ஸ்பெயினின் பில்பாவோவில் திறக்கப்பட்ட குகன்ஹெய்ம் அருங்காட்சியகத்தைச் சாத்தியமாக்கியது.

அந்த வேலை நடந்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் ஸ்கெட்ச். பிறகு கையால் செய்த மாதிரி; அதைப் பிய்த்து, திரும்பச் செய்து, மறுபடி பிய்த்து, கண்ணுக்குப் பிடிக்கும் வரை திருத்துவார்கள். மாதிரி நிலைத்த பிறகு, நுனியில் உணரி பொருத்திய ஒரு கருவியால் அதன் பரப்பைத் தொட்டுத் தொட்டுப் புள்ளிகளாகக் கணினிக்குள் ஏற்றுவார்கள். கேட்டியா அந்தப் புள்ளிகளிலிருந்து வளைந்த பரப்புகளைக் கணித்து, எந்த இடத்தில் உலோகத் தகடு எவ்வளவு வளையும், சட்டகம் எங்கே தாங்கும் என்று சொல்லும். அத்தோடு நிறுத்தவில்லை. கணினி புரிந்துகொண்ட வடிவத்தை எந்திரத்தால் மீண்டும் கடைந்து, திடப்பொருளான மாதிரியாக்கி, கையால் செய்த மாதிரியோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வாத இடத்தில் திருத்தம் நடக்கும். அருங்காட்சியகத்தைப் போர்த்தியிருக்கும் ஏறத்தாழ 33,000 டைட்டானியத் தகடுகள் இந்தப் போக்குவரத்தின் முடிவில் வந்தவை. தேடும் காலம் முழுவதும் கை. கண்டடைந்ததைக் காக்கும் காலம் முழுவதும் கணினி. கைமாறும் இடம் எது என்பதை அந்த அலுவலகம் தெரிந்து வைத்திருந்தது.

இந்தியாவில் இதற்கு இணையான எடுத்துக்காட்டு அகமதாபாத்தில் இருக்கிறது; அது இன்னும் துணிச்சலானது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. ஓவியர் எம்.எஃப். உசேனுக்காகக் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி 1990களின் முற்பாதியில் கட்டிய ‘அம்தாவாத் நி குஃபா’ என்ற நிலத்தடி ஓவியக்கூடம் அது. தோஷியின் ஸ்கெட்சுகளே தனி ரகம். சிற்றோவிய மரபைப் போல ஒரே தாளில் பிளானும் முகப்பும் வெட்டுத்தோற்றமும் கலந்து, மரங்களும் மனிதர்களும் விலங்குகளும் நடமாடும். குஃபாவுக்கு அவர் மனத்தில் இருந்தவை ஆமை ஓடுகளும் சோப்புக் குமிழிகளும். வட்டங்களும் நீள்வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் பிளான், சாய்ந்து நிற்கும் மரங்களைப் போன்ற தூண்கள், ஒன்றன்மேல் ஒன்று சரியும் குவிமாடங்கள். இந்த வழக்கத்துக்கு மாறான கட்டமைப்பைக் கணினியின் துணையோடுதான் தீர்த்தார்கள். அந்தக் கணக்கின் பலனாக, கம்பிவலையில் கலவை பூசிய ஃபெரோசிமென்ட் ஓடு ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிமனில் நின்றது.

கட்டியவர்களோ பழங்குடித் தொழிலாளர்கள். எளிய கைக்கருவிகளை வைத்தே வேலை செய்தவர்கள். கம்பியை வளைத்ததும் கலவையை அப்பியதும் கைதான். குவிமாடங்களின் வெளிப்புறத்தில் உடைந்த பீங்கான் துண்டுகளைப் பதித்து, கருநிறத்தில் ஒரு நாகத்தை ஓடவிட்டார்கள். உள்ளே சுவரிலும் கூரையிலும் உசேன் நேரடியாக வரைந்தார். கையில் தொடங்கி, கணினியில் உறுதிப்பட்டு, மறுபடி கையில் முடிந்த கட்டடம் குஃபா. நவீனக் கருவி என்றாலே நவீன எந்திரங்களும் பெரிய ஒப்பந்தக்காரர்களும் வேண்டும் என்று நம்பும் நம் நகரங்கள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

கைக்கோட்டின் மங்கல் வரைபவருக்கு மட்டுமல்ல, பார்ப்பவருக்கும் உதவுகிறது. 1996இல் ஜெர்மனியின் மாக்டபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டடக் கலைஞர்களிடம் ஒரே கட்டடத்தின் மூன்று படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டனர்: கணினி வரைகோட்டுப்படம், நிழலிட்ட கணினிப்படம், கைக்கோடு போலவே தோன்றும்படி கணினி செய்த படம். தொடக்க நிலை யோசனையை வாடிக்கையாளரிடம் எடுத்துச் செல்ல மூன்றாவது வகையே பெரிதும் விரும்பப்பட்டது. பளிச்சென்ற படத்தைப் பார்க்கிறவர் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி ஏற்பார் அல்லது மறுப்பார். நடுங்கும் கோட்டைப் பார்க்கிறவர் பேச்சில் சேர்ந்துகொள்வார். பின்னாளில் ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருள்களில், அளந்து செய்த மாதிரியின் விளிம்புகளைப் பென்சிலால் இழுத்ததுபோல் காட்டும் வசதி வந்தது இந்த உணர்வை அறிந்துதான்.

ஆனால் இந்தப் பாவனைக்கு ஓர் எல்லை உண்டு. கை தயங்கிய இடத்தில் கோடு இரட்டிக்கிறது, தடிக்கிறது, விட்டுப்போகிறது. சுவர் இங்கேயா, ஒரு முழம் தள்ளியா என்ற ஐயம் அந்த இரட்டைக் கோட்டில் பதிந்திருக்கிறது. மென்பொருள் போடும் நடுக்கம் எல்லா விளிம்பிலும் ஒரே சீராக ஓடும். முடிவாகிவிட்ட சுவருக்கும் முடிவாகாத சுவருக்கும் அதில் வேறுபாடு இல்லை. பார்ப்பவருக்கு நல்லெண்ணம் தரலாம். வரைந்தவருக்குச் செய்தி எதுவும் தராது.

பேனா மீண்டும் திரைக்கு வந்தது இந்தப் பின்னணியில். ஜப்பானின் வாகோம் நிறுவனம் அழுத்தத்தை உணரும் பேனாக்களை 1980களிலிருந்தே செய்துவந்தாலும், அவை பெரும்பாலும் ஓவியர்களின் மேசையிலேயே இருந்தன. 2015இல் ஐபேட் புரோவும் ஆப்பிள் பென்சிலும் வந்த பிறகு கட்டடக் கலைஞர்கள் பலர் அவற்றைச் சைட்டுக்கே எடுத்துப் போகத் தொடங்கினர். அழுத்தினால் கோடு தடிக்கும், சாய்த்தால் நிழல் பரவும். பேனா நுனிக்கும் திரையில் கோடு தோன்றுவதற்கும் இடையிலான தாமதத்தை 2019இல் 20 மில்லிசெகண்டிலிருந்து 9 ஆகக் குறைத்ததாக ஆப்பிள் அறிவித்தது. அற்பமாகத் தெரியும் இந்த எண் முக்கியமானது. கோடு கைக்குப் பின்னால் இழுபட்டு வந்தால், ஷான் சொன்ன அந்த உரையாடல் அறுந்துபோகும்.

அதைவிடப் பயனுள்ள மாற்றம் அடுக்குகளில் நடந்தது. டிரேசிங் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அடியில் இருப்பதில் வேண்டியதை மட்டும் மேலே எடுத்து வரைவது இந்தத் தொழிலின் பழைய பழக்கம். மார்ஃபோலியோ டிரேஸ் போன்ற செயலிகள் அந்தப் பழக்கத்தையே திரைக்குக் கொண்டுவந்தன. அடியில் சைட்டின் புகைப்படமோ அளவெடுத்த பிளானோ ஸ்கெட்ச்அப்பில் எழுப்பிய வெறும் பெட்டி மாதிரியோ இருக்கலாம். அளவை ஒருமுறை சொல்லிவிட்டால், பேனாவின் தடிமனும் அந்த அளவுக்கேற்ப மாறும். பெரிதாக்கும்போது அளவுணர்வு தொலையும் பழைய நோய்க்கு ஓரளவு மருந்து இது. வேலை போகும் வழி எளிது: மனையின் எல்லைகளையும் கட்டட அளவையும் தோராயப் பெட்டிகளாகக் கணினியில் எழுப்பி, மனிதன் நிற்கும் கண்மட்டத்திலிருந்து ஒரு கோணத்தைப் பிடித்து, அதன்மேல் கையால் வரைவது. தூரத்தில் கோடுகள் எங்கே குவிகின்றன என்ற கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும். வேப்பமரத்து நிழலும் திண்ணையில் உட்காருபவரும் மழைநீர் வடியும் வழியும் கைக்கு விடப்படும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜிம் லெகிட் 2002இல் எழுதிய ‘டிராயிங் ஷார்ட்கட்ஸ்’ நூல், டேப்லெட் வருவதற்கு முன்பே, புகைப்படத்தையும் கணினிப் படத்தையும் அடியில் வைத்து மேலே வரையும் இந்த முறையை விளக்கமாகக் கற்றுக்கொடுத்தது.

ஒரு படத்தின்மேல் வரைவது மோசடி என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் டேனியல் இரட்டையரை எண்ணிப் பார்க்கலாம். தாமஸ் டேனியலும் அவருடைய உறவுப்பையன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மதுரை, தஞ்சாவூர் என்று தென்னகத்தைச் சுற்றி வரைந்தபோது, காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டறைக் கருவியின் உதவியைப் பயன்படுத்தியவர்கள். கண்ணாடி வில்லை காட்டிய உருவத்தின்மேல் பென்சில் ஓடியது. 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த அவர்களுடைய 144 அச்சுப்படங்கள் இன்றும் நம் கோயில்களின், அரண்மனைகளின் அன்றைய நிலையை அறிய வரலாற்றாசிரியர்கள் புரட்டுகிறவை. கருவி அளவைக் கொடுத்தது. எந்தக் கோபுரத்தை எந்த இடத்தில் நின்று, எந்த வெயிலில் பார்ப்பது என்பதை அவர்கள்தான் தேர்ந்தார்கள்.

லண்டனின் சர் ஜான் சோன் அருங்காட்சியகமும் மேக் கட்டடக்கலை நிறுவனமும் உலகக் கட்டடக்கலை விழாவும் சேர்ந்து 2017இல் தொடங்கிய கட்டடக்கலை வரைபடப் பரிசில் கைப்படம், கணினிப்படம் ஆகியவற்றோடு கலப்புப்படம் என்று மூன்றாவது பிரிவையும் வைத்தார்கள். இரண்டும் கலந்த வேலை தனக்கென இலக்கணம் உள்ள ஒரு வகை என்பதற்குக் கிடைத்த ஏற்பு அது.

இப்போது வந்திருக்கும் சவால் வேறு மாதிரியானது. 2023இல் ஸ்டான்ஃபோர்டின் லுமின் சாங், அன்யி ராவ், மனீஷ் அகர்வாலா மூவரும் ‘கன்ட்ரோல்நெட்’ என்ற முறையை வெளியிட்டனர். சொற்களிலிருந்து படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அப்படியே உறையவைத்து, அதன் ஒரு நகலுக்குக் கோட்டுப்படங்களைப் பின்பற்றும் பயிற்சி கொடுத்து, இரண்டையும் இணைத்தார்கள். விளைவு: கிறுக்கலான ஒரு முகப்பைக் கொடுத்தால், அதன் கோடுகளை மதித்து, கண்ணாடியும் செங்கல்லும் மாலை வெயிலும் கொண்ட படம் நொடிகளில் வந்து நிற்கிறது. இதே வழியில் இயங்கும் சேவைகளைக் கட்டடக்கலை மாணவர்கள் இன்று சரளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. ஸ்கெட்சில் விடப்பட்ட வெற்றிடம் இன்னும் யோசிக்க வேண்டியதற்கான இடம். கெரியின் கேட்டியா அந்த வெற்றிடத்தை நிரப்பவில்லை. முடிவு செய்தவற்றை மட்டும் கணக்கிட்டது. பட உருவாக்க மாதிரியோ, தான் பயின்ற ஏராளமான படங்களில் அதிகம் கண்டதைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. மேற்கு வெயில் சுடும் சென்னைச் சுவருக்கு அது தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போடும். தூணுக்கும் தூணுக்கும் இடையிலான தூரத்தை உத்தரம் தாங்குமா என்று கேட்காது. முகப்புக்குப் பின்னால் பிளான் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஐந்து நிமிட யோசனைக்கு ஐந்து மாத உழைப்பின் தோற்றம் வந்துவிடுவதால், வீடு கட்டுகிறவரும் மாணவரும் வரைந்தவரும்கூட அந்தப் படத்தை நம்பிவிடுகிறார்கள்.

இதற்காக அந்தக் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே கிறுக்கலுக்குக் காலை ஒளியையும் மழைநாளையும் கேட்டுப் பார்க்கலாம். செங்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் முகப்பு எப்படி மாறுகிறது என்று ஒப்பிடலாம். வந்த படத்தைத் திரும்ப அடியில் வைத்து, அதன்மேல் டிரேசிங் அடுக்கை விரித்து, கருவி தானாக முடிவு செய்த ஒவ்வொன்றையும் கையால் கேள்வி கேட்க வேண்டும். படம் வந்த இடத்தில் வேலை நின்றுவிட்டால், வடிவமைத்தவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினம்.

நம் கல்லூரிகளில் இது எப்படிக் கையாளப்படும் என்பதே உண்மையான கேள்வி. கட்டடக்கலைப் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வில் கணிதத்துக்கும் திறனறிவுக்கும் கணினி. வரைதலுக்கு மட்டும் இன்றும் தாளும் பென்சிலும். நுழைவாயிலில் கை இவ்வளவு மதிக்கப்படுகிறது. ஆனால் மேல் ஆண்டுகளில், மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரி நாளன்று சுவரில் தொங்குபவை பெரும்பாலும் பளபளக்கும் கணினி ரெண்டர் அச்சுகள். முன்பு மாணவர் கசங்கிய டிரேசிங் சுருளையும் கூடவே எடுத்து வருவார். ஆசிரியர் அதை விரித்து, எந்த யோசனை எங்கே கைவிடப்பட்டது என்று பார்ப்பார். கணினிக் கோப்பில் கடைசி நிலை மட்டுமே மிஞ்சுவதால் அந்த வழி அடைபட்டது. புரோகிரியேட் போன்ற டேப்லெட் செயலிகளோ ஒவ்வொரு கோடும் போடப்பட்ட வரிசையைத் தாமே வீடியோவாகப் பதிந்து வைக்கின்றன. சுவாவும் டிவெர்ஸ்கியும் கேமரா வைத்துச் செய்ததை இப்போது மாணவரின் கருவியே செய்கிறது. ஜூரியில் ரெண்டருக்குப் பக்கத்தில் அந்தப் பதிவையும் ஓடவிடச் சொல்லலாம். செயற்கை நுண்ணறிவு எந்தக் கட்டத்தில் வந்தது, அதன் படத்தில் எதை மாணவர் ஏற்றார், எதை அழித்தார் என்று கேட்கலாம். மதிப்பெண்ணில் அதற்கும் பங்கு வைக்கலாம். புதிதாக எதையும் வாங்காமல் அடுத்த செமஸ்டரிலேயே தொடங்கக்கூடிய ஏற்பாடு இது.